இடுப்பளவு வளர்ந்தும் மொட்டு வைக்காத கேந்திச் செடிகள்: ஆயுத பூஜைக்குள் பூக்குமா?

பொருநைக்கரை (பாளையங்கோட்டை), செப்டம்பர் 10

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பன்னிரண்டு பைகளில் கேந்தி வளர்த்து வருகிறேன். வடக்கே இதைச் செண்டுமல்லி என்பார்கள். சிலர் சாமந்தி என்றும் சொல்வதால் குழப்பம் வரக்கூடாது என்று முதலிலேயே குறிப்பிட்டுவிடுகிறேன். நான் கேட்பது செவ்வந்தியைப் பற்றி அல்ல. இலையைக் கசக்கினால் காட்டமாக மணக்கும், மாலையில் உருண்டை உருண்டையாகக் கோக்கும் அந்த ஆரஞ்சுப் பூவைப் பற்றி.

கோயிலில் கொடுத்த மாலை ஒன்றைப் பிரித்து, நிழலில் காயவைத்து, அதிலிருந்த விதைகளை ஜூன் 25 அன்று தட்டில் தூவினேன். ஐந்தாம் நாளே முளைத்துவிட்டன. ஒரு மாத நாற்றாக ஜூலை 25 அன்று 12 அங்குலப் பைகளில், பைக்கு ஒரு செடியாக நட்டேன். செம்மண், கோகோபீட் (தென்னைநார்த் தூள்), மண்புழு உரம் மூன்றும் சமபாகம். வாரம் ஒரு முறை கடலைப் புண்ணாக்குக் கரைசலும், பதினைந்து நாளுக்கு ஒரு முறை மீன் அமிலமும் (மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் கரைசல்) தவறாமல் கொடுத்து வருகிறேன். காலையிலும் மாலையிலும் தண்ணீர். விடிந்ததிலிருந்து மதியம் இரண்டு மணி வரை நல்ல வெயில் படும் இடம்.

செடிகள் என் இடுப்பைத் தாண்டிவிட்டன. தண்டு சுண்டுவிரல் பருமன், இலைகள் கரும்பச்சை. பார்ப்பவர்கள் எல்லாம் பாராட்டுகிறார்கள். ஆனால் பன்னிரண்டு செடிக்கும் சேர்த்து இன்று வரை மூன்றே மொட்டுகள். இன்னும் மூன்று வாரத்தில் ஆயுத பூஜை வருகிறது. வீட்டுப் பூவையே சாற்றவேண்டும் என்பது என் மாமியாரின் ஆசை. நுனியைக் கிள்ளிவிட்டால் கிளைத்துப் பூக்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். கிள்ளினால் இந்த வருடம் பூவே பார்க்க முடியாது என்று என் சித்தி சொல்கிறார். இருவரில் யார் சொல்வது சரி?

இதனோடு இன்னும் இரண்டு ஐயங்கள். சுவரோரம் இருக்கும் இரண்டு செடிகளின் அடியிலைகள் ஊசியால் குத்தியதுபோலப் புள்ளி புள்ளியாக வெளிறி வருகின்றன. இலையின் அடியில் தூசி படிந்ததுபோல் இருக்கிறது. அடுத்து, தக்காளிப் பைகளுக்கு நடுவே கேந்தியை வைத்தால் தக்காளிக்குப் பூச்சியும், வேரைத் தாக்கும் நூற்புழுவும் வராது என்கிறார்களே, அது உண்மையா?

---

விதைக்கூடை (திருச்சி)

வணக்கம். கடலைப் புண்ணாக்கையும் மீன் அமிலத்தையும் இன்றே நிறுத்துங்கள். இரண்டும் தழைச்சத்து, மண்கலவையில் மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரம் வேறு இருக்கிறது. இவ்வளவு சாப்பாடு போட்டால் எந்தச் செடியும் இலையைத்தான் காட்டும். கேந்தி ஏழைமண்ணில் பூக்கும் செடி.

---

செண்டுக்காட்டான் (தருமபுரி)

அம்மா, எனக்கு அரை ஏக்கரில் செண்டுமல்லிதான் பிழைப்பு. வயலில் செய்வதையும் மாடிக்கு எது பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு ஆறுதல். உங்கள் கணக்குப்படி நட்டு இன்றோடு 47 நாள். எங்கள் வயலில் ஒரு மாத நாற்றை நட்டால், நட்ட அறுபதாம் நாள் வாக்கில்தான் முதல் பறிப்பு. அதன் பிறகு மூன்று நாளுக்கு ஒரு தரம் என இரண்டு மாதத்துக்கு மேல் பறிப்போம். ஆகவே நீங்கள் இன்னும் பூப் பார்க்காதது குற்றமில்லை. நாற்பத்தைந்து நாளாகியும் மொட்டுகூடத் திரளாமல் இருப்பதும், அதற்குள் செடி இடுப்பளவு போனதும்தான் யோசிக்க வைக்கின்றன. முன்னவர் சொன்ன உரக்கணக்கு சரி. அதோடு இரண்டு வேளைத் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோகோபீட் கலந்த பையில் மேல் மண் காய்ந்ததுபோல் தோன்றினாலும் அடியில் ஈரம் இருக்கும். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள்; அங்கே மண் ஒட்டாமல் உதிர்ந்தால் மட்டும் ஊற்றுங்கள். காலையில் ஒரு வேளை போதும்.

நுனி கிள்ளுவதில் அக்கா, சித்தி இருவருமே சரிதான், காலம்தான் இடிக்கிறது. நட்ட முப்பதாம் நாள், அதாவது ஆகஸ்ட் கடைசியில், நடுக்குருத்தைக் கிள்ளியிருந்தால் ஒவ்வொரு கணுவிலிருந்தும் பக்கக் கிளை கிளம்பி, செடி குட்டையாகப் புதர்போல் அடைந்து, ஒன்றுக்குப் பத்தாகப் பூத்திருக்கும். ஆனால் கிள்ளிய செடி தலைப்பூவை இழக்கிறது. பக்கக்கிளை வளர்ந்து மொட்டுவைக்க இரண்டு வாரமாவது கூடுதலாகும். இன்று பன்னிரண்டையும் கிள்ளினால் ஆயுத பூஜைக்கு உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. அதனால் நான்கைந்து செடிகளை மட்டும் கிள்ளுங்கள், மற்றவற்றைத் தொடாதீர்கள். கிள்ளிய செடிகள் தீபாவளிக்கு உதவும். கிள்ளிய நுனியை எறியவேண்டாம். நான்கு அங்குல நீளத்துக்கு வெட்டி, கீழிலைகளை உருவிவிட்டு, ஈர மணலில் செருகி நிழலில் வைத்தால் பத்துப் பதினைந்து நாளில் வேர்விடும். செண்டுமல்லித் தண்டு வேர்விடத் துடிப்பது. மண்ணை ஒட்டிய அடித்தண்டில் வெள்ளை முடிச்சுகள் தெரிகின்றனவா என்று பாருங்கள், அவை வேர் மொட்டுகளே. செடி சாய்கிறது என்றால் அந்த இடம் வரைக்கும் மண் அணைத்துக் கொடுங்கள், குச்சியும் கட்டுங்கள்.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. இரவில் உங்கள் மாடியில் விளக்கு எரிகிறதா, அல்லது தெருவிளக்கு வெளிச்சம் விழுகிறதா? எங்கள் ஊரில் சாலையோர வயலில், கம்பத்தடிச் செடிகள் மட்டும் பூவுக்குப் பின்தங்கி, ஓங்கி நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

---

பொருநைக்கரை

ஐயா, நீங்கள் கேட்ட பிறகு இரவு ஒன்பது மணிக்கு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். தெருவோரக் கைப்பிடிச் சுவரை ஒட்டி எட்டுப் பைகள் இருக்கின்றன. அந்தச் சுவருக்கு நேரே, இரண்டு ஆள் தூரத்தில், புதிதாக மாற்றிய எல்.இ.டி. தெருவிளக்கு. அதன் வெளிச்சத்தில் என்னால் விதைப் பாக்கெட்டின் மேல் அச்சடித்த எழுத்தையே படிக்க முடிகிறது. மற்ற நான்கு பைகள் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், வெளிச்சம் படாத பக்கம். அந்த மூன்று மொட்டுகளும் அந்த நான்கு பைகளில்தான் இருக்கின்றன! இதுவரை இதைக் கவனிக்கவே இல்லை.

---

பச்சையம் (மதுரை)

கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில் அந்த விளக்கைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இந்தக் கேள்வியின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்று எண்ணுகிறேன்.

மாலைக்கு உதவும் உயரமான வகையின் அறிவியல் பெயர் டாஜெடெஸ் எரெக்டா. குட்டையாகச் சிவப்பும் மஞ்சளும் கலந்து பூப்பது டாஜெடெஸ் பட்டுலா. முன்னதை ஆப்பிரிக்கன் மேரிகோல்டு என்றும் பின்னதை பிரெஞ்சு மேரிகோல்டு என்றும் விதைப் பாக்கெட்டுகளில் அச்சிடுகிறார்கள் என்றாலும், இரண்டுமே மெக்சிகோவையும் அதைச் சார்ந்த நடு அமெரிக்க நாடுகளையும் தாயகமாகக் கொண்டவை. ஐரோப்பியர் வழியாக நமக்கு வந்து சேர்ந்தவை. மெக்சிகோவில் நவம்பர் 1, 2 ஆகிய நாள்களில் இறந்த முன்னோரை நினைத்துப் படைக்கும் பூ இதுவே. அந்தப் பருவத்தில் அங்கே வயல் வயலாக இது பூத்து நிற்பதற்குக் காரணம், பகல் சுருங்கி இரவு நீளும்போது இந்தச் செடி பூவை நோக்கித் திரும்புகிறது என்பதுதான். குறும்பகல் தாவரம் என்று இதைச் சொல்வோம். நீள்பகலிலும் இது பூக்காமல் போவதில்லை. ஆனால் தாமதமாகும், அதற்குள் தண்டு நீண்டுவிடும். பட்டுலா இந்த விஷயத்தில் அவ்வளவு கண்டிப்பானது அல்ல.

திருநெல்வேலியின் அட்சரேகையில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரம்தான். ஆகவே நம் ஊரில் ஆண்டு முழுவதும் இதைப் பூக்கவைக்க முடிகிறது. ஆனால் செடி உண்மையில் அளப்பது பகலின் நீளத்தை அல்ல, இடையூறில்லாத இருட்டின் நீளத்தை. இரவு முழுவதும் எழுத்துப் படிக்கும் அளவு வெளிச்சம் விழுந்தால், அதற்கு அது முடியாத பகல். நாற்றுப் பண்ணைகளில் செடியைப் பூக்கவிடாமல் வளர்த்தெடுக்க வேண்டுமானால் இரவில் விளக்குப் போட்டு வைப்பதுண்டு. உங்கள் தெருவிளக்கு அந்த வேலையைக் கூலியில்லாமல் செய்துகொண்டிருக்கிறது.

எனவே எட்டுப் பைகளையும் தொட்டிக்குப் பின்னால் நகர்த்துங்கள். இடம் போதாதென்றால், தெருப்பக்கச் சுவரில் நாலடி உயரத்துக்குத் தென்னங்கீற்றோ பழைய சாக்கோ கட்டி வெளிச்சத்தை மறையுங்கள். மூடிவைப்பதாக நினைத்து இரவில் செடிமேல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்க்க வேண்டாம். வியர்த்து இலை அழுகும். ஒன்றை மட்டும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: இன்றிரவே இருட்டுக் கிடைத்தாலும், மொட்டு கண்ணுக்குத் தெரியவே இரண்டு மூன்று வாரம் ஆகும், அது மலர மேலும் இரண்டு வாரம். ஆயுத பூஜைக்கு அந்த மூன்று மொட்டுகளையும் தொட்டியடிச் செடிகளையும்தான் நம்பலாம்.

வெளிறிய இலைகளுக்கு வருகிறேன். ஒரு வெள்ளைத் தாளை இலையின் கீழே பிடித்து, இலையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழுந்த தூசி அரை நிமிடம் கழித்து நடக்கத் தொடங்கினால் அது சிலந்திப்பேன். விரலால் தேய்த்தால் செம்மஞ்சள் கோடு விழும். சுவர் பகலில் சூடேறி இரவில் அனலைக் கக்குவதால் சுவரோரச் செடிகளில்தான் இது முதலில் வரும். மோசமான இலைகளைப் பறித்துக் குப்பையில் கட்டிப் போடுங்கள், உரக்குழியில் அல்ல. மீதிச் செடிக்கு, குழாய்த் தண்ணீரை இலையின் அடிப்பக்கம் படும்படி வேகமாகப் பீய்ச்சி அடிப்பதே பாதி வைத்தியம். பிறகு லிட்டருக்கு 5 மி.லி. வேப்ப எண்ணெயைச் சிறிது காதி சோப்புக் கரைசலில் அடித்துக் கலக்கி, வெயில் தாழ்ந்த பின், இலையின் அடியில் தெளியுங்கள். ஐந்து நாள் இடைவெளியில் மூன்று முறை. ஒரு முறையோடு நிறுத்தினால் முட்டையிலிருந்து அடுத்த தலைமுறை வந்துவிடும். கடையில் நனையும் கந்தகம் தருவார்கள், அதுவும் கேட்கும். ஆனால் வேப்ப எண்ணெய் தெளித்த செடிமேல் உடனே கந்தகம் போட்டால் இலை கருகும், இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

---

தக்காளித்தோப்பு (ஒசூர்)

கடைசிக் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு, ஏனென்றால் 'தக்காளிக்குப் பக்கத்தில் ஒரு செண்டுமல்லி வைத்தால் போதும்' என்ற பேச்சை நம்பி ஒரு பருவத்தை நானே இழந்திருக்கிறேன்.

நூற்புழுவைச் செண்டுமல்லி அடக்கும் என்பது உண்மை. அதன் வேரில் ஆல்பா-டெர்தையினைல் என்ற பொருள் இருக்கிறது. வேருக்குள் நுழையும் வேர்முடிச்சு நூற்புழு அதனால் மடிகிறது. ஆனால் அந்த வேலை நடப்பது செண்டுமல்லியின் வேர் பரவியிருக்கும் மண்ணில், செடி உயிரோடு இருக்கும் காலத்தில். பாத்தி முழுக்க நெருக்கமாகச் செண்டுமல்லியை மட்டும் இரண்டு மூன்று மாதம் வளர்த்து, அதை எடுத்துவிட்டு அதே மண்ணில் தக்காளி வைத்தால் பலன் தெரியும். வேறொரு பையில் நிற்கும் கேந்தி, பக்கத்துப் பையில் இருக்கும் தக்காளியின் வேருக்கு என்ன செய்ய முடியும்? உங்கள் தக்காளிச் செடியைப் பிடுங்கும்போது வேரில் கழலை கழலையாக முடிச்சு இருந்தால், இப்போதைய கேந்திப் பைகளின் மண்ணை அடுத்த தக்காளிக்குக் கொடுங்கள். அதுதான் சரியான சுற்று.

காய்ப்புழு விஷயம் வேறு. பெங்களூருவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் பதினாறு வரிசைத் தக்காளிக்கு ஒரு வரிசை செண்டுமல்லி என்று பொறிப்பயிராகப் பரிந்துரைத்தது. நாற்பது நாள் வயதான செண்டுமல்லி நாற்றையும் இருபத்தைந்து நாள் தக்காளி நாற்றையும் ஒரே சமயத்தில் நடவேண்டும். தக்காளி பூக்கும்போது செண்டுமல்லியும் பூத்திருக்கவேண்டும் என்பதற்காக. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லி மொட்டுகளைத் தேடி வந்து முட்டையிடும். பொறி என்றால் அகப்பட்டதை எடுக்கவேண்டும் அல்லவா? எடுக்காமல் விட்டால் நாமே புழுவுக்குத் தொட்டில் கட்டிய கதைதான். என் தோட்டத்தில் நடந்தது அதுவே. மொட்டின் பக்கவாட்டில் மிளகு அளவு ஓட்டை தெரிந்தால் பிளந்து பாருங்கள், உள்ளே பச்சைப்புழு சுருண்டு கிடக்கும்.

உங்களுக்கு இப்போது வேறொரு காரணமும் இருக்கிறது. சிலந்திப்பேன் தக்காளியையும் பிடிக்கும். அந்த இரண்டு செடிகளையும் குணமாகும் வரை தக்காளியிடமிருந்து விலக்கியே வையுங்கள்.

---

பொருநைக்கரை, அக்டோபர் 22

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

எட்டுப் பைகளில் ஐந்தைத் தொட்டிக்குப் பின்னால் கொண்டுபோனேன். மூன்றுக்கு இடமில்லாததால் சுவரில் சாக்குக் கட்டினேன். காற்றில் அது இரண்டு முறை அவிழ்ந்துவிட்டது. புண்ணாக்கையும் மீன் அமிலத்தையும் அன்றோடு நிறுத்தினேன். நான்கு செடிகளைக் கிள்ளினேன். கிள்ளும்போது கை நடுங்கியது என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெள்ளைத் தாளில் தூசி நடந்தது; சிலந்திப்பேன்தான். ஒரு செடியைக் காப்பாற்ற முடியவில்லை, மற்றொன்று துளிர்த்துவிட்டது.

ஆயுத பூஜையன்று எங்கள் கேந்தி மொத்தம் ஐந்து பூக்கள். தையல் இயந்திரத்துக்கு ஒன்று, சரசுவதி படத்துக்கு இரண்டு, வண்டிச் சாவிக்கு ஒன்று, இவர் மடிக்கணினிக்கு ஒன்று என்று மாமியார் பங்கிட்டார். மீதிக்கு அரைக் கிலோ கடையில் வாங்கினோம். ஆனால் தீபாவளியன்று காலையில் ஒரே பறிப்பில் நாற்பத்தொரு பூ. கிள்ளிய நான்கு செடிகளில்தான் பாதிக்கு மேல். சாக்கு கட்டிய மூன்றும் இன்னும் மொட்டுப் பருவத்திலேயே நிற்கின்றன.

ஒரு வியப்பு: ஒரே மாலையிலிருந்து எடுத்த விதை என்றாலும் பூக்கள் ஒன்றுபோல் இல்லை. நான்கில் உருண்டையான ஆரஞ்சு, மூன்றில் எலுமிச்சை மஞ்சள். ஒரு செடியில் எட்டே இதழோடு, நடுவில் மஞ்சள் பொட்டு வைத்த ஒற்றைப் பூ. இது ஏன்? நேற்று முதல் மழை பிடித்துக்கொண்டது, அதற்கு என்ன செய்யவேண்டும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

செண்டுக்காட்டான்

நாற்பத்தொன்றா! நல்ல பறிப்பு.

கடைக்கு வரும் மாலைப் பூவில் பெரும்பகுதி கலப்பின விதையில் விளைந்தது. அதன் விதையைப் போட்டால் பாட்டன் பூட்டன் குணமெல்லாம் தனித்தனியாகத் தலைகாட்டும். நாங்கள் ஒவ்வொரு நடவுக்கும் புதுவிதை வாங்குவது அதனால்தான், விதை விலை கையைக் கடித்தாலும். உங்களுக்குப் பிடித்த உருண்டை ஆரஞ்சு அப்படியே வேண்டுமென்றால் அந்தச் செடியின் நுனியை வெட்டி வேர்விடச் செய்யுங்கள், விதையை நம்பவேண்டாம். நிறம் கலந்து வந்தாலும் பரவாயில்லை என்றால், ஒரு பூவைப் பறிக்காமல் விட்டு, இதழ் பழுப்பாகி அதன் அடிப்புல்லி வைக்கோல் நிறமாகும்போது எடுத்துப் பிரியுங்கள். கறுத்து, நுனியில் வெளிறிய வால் வைத்திருப்பது விதை. முழுக்க வெளிறி, நசுக்கினால் நசுங்குவது பதர். காகித உறையில் போட்டு வைத்து அடுத்த ஆண்டுக்குள் விதைத்துவிடுங்கள்.

மழைக்கு: பையின் அடித்துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று குச்சியால் குத்திப் பாருங்கள், பைகளைச் செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மழை விட்டதும் செடியை மெல்ல உலுக்குங்கள். இந்தப் பூ பஞ்சுபோலத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு நடுவிலிருந்து பழுக்கத் தொடங்கும், அந்தக் கனத்திலேயே கிளையும் முறியும். முக்கால் மலர்ந்ததையே பறித்துவிடுங்கள். பழுத்த பூவைச் செடியில் விடாதீர்கள். அடிப்பகுதி இலைகளைக் கழித்துவிட்டால் காற்றோட்டம் கிடைத்து இலைப்புள்ளி குறையும். எந்தச் செடியிலாவது பூவே பச்சை இலைபோல மாறி வந்தால் அது தத்துப்பூச்சி பரப்பும் நோய், மருந்து கிடையாது, வேரோடு எடுத்துவிடுங்கள்.

பொங்கலுக்கு வேண்டுமென்றால் இந்த வாரமே நாற்றுவிடுங்கள். தட்டை மழைத்துளி நேராக விழாத இடத்தில் வையுங்கள், தண்ணீர் குறைவாகத் தெளியுங்கள். இந்த ஈரத்தில் நாற்று கழுத்தில் அழுகிச் சாயும். தெருவிளக்குப் பக்கம் மட்டும் வைத்துவிடாதீர்கள்.